பதினாறு தட்டு

சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு
பெருமாநல்லூர் ரோட்டில் பழைய ஆம்னி ஏறுவேன்.
வெள்ளிங்கிரி ஓட்டுவான். பின்னால் நாலு ஸ்பீக்கர்.
என் மடியில் கன்ட்ரோலர்,
தூங்குகிற பிள்ளை மாதிரி.
தவணை இன்னும் ஏழு மாசம் இருக்கிறது.

வாரம் ஆறு நாள் நான் செக்கிங் டேபிள்.
பனியனை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து
ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து
சிவப்பு அம்பு ஒட்டுகிறவன்.
சனி ராத்திரி மட்டும் பிளக்ஸில் ‘டிஜே சென்னி’.
சென்னியப்பன் என்று முழுசாகப் போட்டால்
சீர்த்தட்டு தூக்கி வந்த மாமா மாதிரி இருக்குதுங்க
என்றுவிட்டான் பிளக்ஸ் அடிக்கிறவன்.

ஆட்களை எனக்குப் பேரால் தெரியாது,
கேட்ட பாட்டால் தெரியும்.
ஊத்துக்குளியில் ஒரு மாப்பிள்ளைத் தோழன்
ஒரே பாட்டை ஐந்து தரம் கேட்டான்.
ஐந்தாம் தரம் அழுதான்.
காங்கேயத்தில் பெண்ணோட சித்தப்பா
காதுக்குள் வாயை வைத்து,
‘சத்தத்தக் கொறைங்க தம்பி, ஒறம்பரை பேச முடியலீங்க.’
அவர் அக்கட்ட நகர்ந்ததும் அவர் மகன்,
‘இன்னும் எச்சா வைங்கண்ணா.’
ரெண்டு பேருக்கும் தலையாட்டினேன்.
குமிழைத் தொட்டேன், திருப்பவில்லை.
ரெண்டு பேரும் திருப்தியாகப் போனார்கள்.

ஜாலியான பொழப்பு என்கிறார்கள் கூட்டாளிகள்.
திருமூர்த்தி அருவியில் நனைந்தபடி
ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் அனுப்புவார்கள்.
நான் வண்டியின் பின்கதவைக்
கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருப்பேன்.
எல்லாரும் ஆடுகிற இடத்தில் ஆடாமல் நிற்கிறவனுக்கு
பந்தியில் கடைசி இலை.
ஒயர் சுருட்டி முடித்துப் போனால்
தயிர்சோறு, ஊறுகாய்,
சமையல்காரர் மனசு வைத்தால்
ஒளித்துவைத்த ஒரு ஜிலேபி.

மெட்டு யாரோடதோ, குரல் யாரோடதோ.
ஒரு பாட்டு முடிகிறதுக்குள்
அடுத்ததை அதன் அடியில் நுழைத்து
பதினாறு தட்டுக்கு ரெண்டையும் சேர்ந்து ஓடவிடுவேன்.
அந்தப் பதினாறு மட்டும்தான் நான்.
சரியாக வந்தால் யாருக்கும் தெரியாது.
பிசகினால் மண்டபமே திரும்பிப் பார்க்கும்.

போன ஞாயிறு
எங்கள் கம்பெனி ஹாஸ்டல் மொட்டை மாடி.
துணி காயும் கயிறுகளை அவிழ்த்துவிட்டு
ஒடிசாப் பெண்கள் அறுபது பேர்.
படிக்கட்டில் நாற்காலி போட்டு
ஒன்பது மணிக்காகக் காத்திருக்கிற வார்டன்.
அவர்கள் ஊர்ப் பாட்டு என்னிடம் ரெண்டுதான் இருந்தது.
அப்புறம் நம்ம பாட்டு.
சொல் புரியாமல் ஆடுவதில் ஒரு வசதி:
ஒப்பாரி மாதிரிக் காதல் தோல்விக்கும்
விசிலடிக்கலாம்.
எட்டே முக்காலுக்குக் கரண்ட் போச்சு.
ஆட்டம் உடனே நிற்கவில்லை.
இருட்டில் செருப்பில்லாத கால்கள்
கொஞ்சதூரம் தாளத்தைக் கொண்டுபோய்
சிரிப்பில் போட்டுவிட்டன.

திங்கள். டீ பெல்லுக்கு முன்னால்.
ஓவர்லாக் வரிசையில் மூணாவது மிசின்,
சுபாசினி முனகிக்கொண்டே தைக்கிறாள்.
முதல் பாட்டின் கடைசி வரி,
மூச்சு விடாமல் அடுத்ததின் முதல் வரி.
வார்த்தை ஒன்றும் உருப்படியில்லை,
மெட்டு நூல் பிசகவில்லை.
அவளுக்கு அது ஒரே பாட்டு.
நடுவில் என் பதினாறு தட்டைப்
பெடலில் மிதித்துக் கடக்கிறாள்.

கட்டு கைமாறும்போது சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.
எந்தப் பாஷையில்?
அது ரெண்டு பாட்டும்மா என்றா?

வெளிச்சத்தில் பிடித்தேன்.
இடது தோளில் கால் இஞ்சு
தையல் விட்டிருந்தது.
சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பிக் கொடுத்தேன்.
முறைத்தாள்.
பாட்டை நிறுத்தவில்லை.