பதினேழாவது மாடி

கட்டி முடிக்காத கட்டடத்தின் பதினேழாவது மாடியில்
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நூடுல்ஸ் அவிக்கிறாள் மியாவ் குய்ஷியா.
லிஃப்ட் வரவேண்டிய குழியில்
காற்றுதான் ஏறி இறங்குகிறது.
வங்கிக்கு இன்னும் இருபத்தாறு வருடம்.

நேற்றிரவு மற்ற மாடிகளெல்லாம்
அவள் வீட்டுக்கு வந்திருந்தன.
'கதவு ஜன்னல் வரும்வரை தவணை கிடையாது.'
அவ்வளவுதான் எழுதினார்கள்.
கீழே, கவிழ்த்த தட்டைச் சுற்றிக் கோடிழுத்து
வட்டமாகப் பெயர்கள்,
பெயருக்கொரு சிவப்புக் கட்டைவிரல்.

காலையில் வந்த அதிகாரி
காகிதத்தைத் திருப்பினார்,
மறுபடி திருப்பினார்.
"முதலில் போட்டது யார்?"
"நீங்கள் பிடிக்கிற பக்கத்தைப் பொறுத்தது."

அவருக்கு இன்னும் மூச்சு வாங்கியது.
தண்ணீர் கேட்டார்.
அரை டம்ளர் கொடுத்தாள்.
வாளியைப் படியேற்றியவள்
அவள்தானே.