விழாத எழுத்து

மத்திய வீதியில் சிப்லியின் கடை.
கண்ணாடி மேல் மூன்று போன்.
என் கைப்பையில் நாற்பத்தெட்டாயிரம்,
சீட்டு எடுத்ததில் மிஞ்சியது.

முதலாவது புதுசு, பெட்டி உடைக்காதது.
அறுபத்துநாலு ஜிபி. அதில் பாதியை
போனே தின்றுவிட்டுத்தான் வருமாம்.
இரண்டாவது துபாயில் யாரோ பாவித்தது.
கமரா நல்லது, பற்றரி எண்பத்தொரு வீதம்,
மூலையில் கீறல்.
"அது பார்த்தாத்தான் தெரியும்" என்றார் சிப்லி.
மூன்றாவதில் குறையே இல்லை,
ஐம்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்பதைத் தவிர.

பழையதை எடுத்துக் காட்டினேன்.
திரையின் வலது பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு
தொட்டாலும் உணராது,
பல் பிடுங்க ஊசி போட்ட முரசு மாதிரி.
கீபோர்டில் 'ம' இருப்பது அங்கேதான்.

இரண்டு வருஷம் ம இல்லாமல் எழுதியிருக்கிறேன்.
சம்பளத்தைக் காசு ஆக்கினேன்.
"காசு எப்ப?"
இவ்வளவுதான் உப்புவெளி கெஸ்ட்ஹவுஸ் முதலாளிக்கு.
'வரும்' சேர்க்க வழியில்லை.
நான் கோபத்தில் இருப்பதாக அவர் ஊரெல்லாம் சொன்னார்.
கிருபாலினியின் திருமணத்துக்கு
"கல்யாண வாழ்த்து".
செத்தவீட்டுக்குத்தான் ஒரு வில்லங்கமும் இல்லை:
"ஆழ்ந்த அனுதாபங்கள்"
இடறாமல் போனது.
அவசரத்துக்கு, யாரோ அனுப்பிய செய்தியிலிருந்து
ஒரு ம-வைக் கிள்ளியெடுத்து
ஒட்டியும் இருக்கிறேன்.

பிறகுதான் கவனித்தேன்.
வரும், நடக்கும், கிடைக்கும்,
நாளைக்கு உள்ளதெல்லாம் ம்-இல் போய் முடிகிறது.
வேணும் என்றாலும் ம்.
வேண்டாம் என்றாலும் ம்.
ஓம் என்று ஒருதரம் சொல்லவும் அதுதான்.
மிஞ்சியது சரி.
ஞாயிறும் வேலைக்கு வருவீரா? சரி.
ஒஃப் சீசனில் அரைச் சம்பளம். சரி.
துஷ்யந்தன் கேட்டது வேறொரு கேள்வி,
அதற்கும் சரி.
"சரி எண்டா என்ன, ஓமா இல்லையா?"
அவன் இப்படி அனுப்பி ஏழு மாதம்.
கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாம்.
அந்தப் பழியைப் போனில் போட ஏலாது.

"யோசிச்சுச் சொல்லுங்க தங்கச்சி."
விலைகளை ஒரு துண்டில் எழுதித் தந்தார் சிப்லி.
பஸ் ஸ்ராண்டில் நிலாவெளி பஸ் இன்னும் வரவில்லை.
நீச்சல் குளம் கழுவுகிற சுரங்கவிடம் கேட்டேன்.
"பற்றரியைப் பாருங்க மிஸ். கமரா எதுக்கு,
கடல் எங்கயும் போகாது."
கதைத்துக்கொண்டு நிற்க, ஒரு மான்
பின்பக்கத்தால் வந்து துண்டைக் கவ்வியது.
வாழைப்பழத் தோல் நாறும் வாய்.
நான் விடவில்லை. அதுவும் விடவில்லை.
முதலாவதும் இரண்டாவதும் அதன் வயிற்றுக்குள்.
என் விரலிடுக்கில் மிஞ்சிய மூலையில்
...2,900.

சகுனம் பார்க்கிற ஆள் இல்லை நான்.
ஆனாலும் திரும்பி நடந்தேன்.
பழையதற்கு ஆயிரத்து ஐந்நூறு கழித்து,
மிச்சம் இரண்டு தவணை, ஆயிரத்து எழுநூறு படி.
சேர்ட் பொக்கற்றில் குறித்துக்கொண்டார் சிப்லி.

புதுப் போனில் முதலில் தொட்டது ம.
விழுந்தது.
மம்மம்மம்மம் என்று ஒரு வரி முழுக்க.
கடைப் பொடியன் சிரித்தான்.

பழைய கணக்கைப் போட்டதும்
பழக்கமும் கூடவே இறங்கிவிட்டது.
துஷ்யந்தனின் பெயரைத் திறந்து
நான் 'ஓ'-வைத் தேட முன்னமே
கீபோர்டுக்கு மேல் மூன்றை நீட்டியது போன்:
சரி.
சரி சரி.
சரியா.

நிலாவெளி பஸ் ஹோர்ன் அடிக்கிறான்.
வலது பக்கத்தில் இருக்கிறது எழுத்து.
தொட்டால் விழும்.