முப்பத்தோராம் கொக்கி

மழை நாளில் கோட்டுகளுக்கு எடை கூடிவிடும்.
ரைன் ஆற்றோர ஹோட்டலுக்கு
ஆறு மணிக்கே வரத் தொடங்கிவிட்டார்கள்:
கம்பளி, தோல், ஒட்டக ரோமம்.
ஒருத்தி நரித்தோல் போட்டு வந்தாள், பொய்த்தோல்தான்,
தொட்டதும் தெரிந்துவிட்டது.
வாங்கி, உதறி, மாட்டி
ஒரு பித்தளை வில்லையைக் கையில் வைப்பேன்.
மெர்சி என்பார்கள். மெர்சி என்பேன்.
பாசலில் நன்றி மட்டும் பிரெஞ்சில்தான், ஏனென்று கேட்காதீர்கள்.

முப்பதுக்குப் பிறகு முப்பத்திரண்டு.
இடையில் உள்ளதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.
மேலாளர் இதுவரை கவனித்ததில்லை.
கவனித்தால் சொல்ல,
ஆணி ஆடுகிறது என்று
ஒரு ஜெர்மன் வாக்கியம் தயாராக வைத்திருக்கிறேன்.

இன்று புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி சேர்க்கும் இரவு.
வாசலில் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி.
உள்ளே ஏலம்.
பனிமலையில் ஒரு வாரம், தங்குமிடத்தோடு: நாலாயிரம்.
பெயர்பெற்ற சமையல்காரர் வீட்டுக்கே வந்து சமைப்பார்:
ஆறாயிரத்து ஐந்நூறு.
வண்டிச்சில் அளவு பாலாடைக்கட்டி ஒன்றுக்கு
இருவர் விட்டுக்கொடுக்காமல் ஏற்றி ஏற்றி
கடைசியில் ஆளுக்குப் பாதி என்றார்கள். ஒரே சிரிப்பு.
நானும் சிரித்தேன்.
நல்ல மனிதர்கள்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

எட்டரைக்கு ஒருவர் ஓடி வந்தார்,
சைக்கிள் தலைக்கவசம், சொட்டும் மஞ்சள் மழைச்சட்டை.
எல்லாக் கொக்கியும் நிறைந்திருந்தது, ஒன்றைத் தவிர.
அவரே அதைக் கண்டு கையால் காட்டினார்.
தயாராக வைத்திருந்த வாக்கியம்
வாய்வரை வந்து ஜெர்மனை மறந்துவிட்டது.
மாட்டினேன்.

பேராசிரியர் ஹேபர்லி! என்று உள்ளே கைதட்டினார்கள்.
கதவிடுக்கில் திரை தெரிந்தது.
இரண்டு கோடுகள், நீலமும் சாம்பலும்,
உச்சியில் ஒன்றாகப் புறப்பட்டுப்
படிபடியாக இறங்குகின்றன.
நீலம் மெதுவாக இறங்குகிறது, அது புது மருந்து.
இந்தப் படத்தை வாசிக்க எனக்குத் தெரியும்.
ஆய்வுத் தாதி ரெகுலா ஒருநாள்
காப்பிக் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு
மேசையில் விரலால் கீறிக் காட்டினாள்:
கீழே விழும் ஒவ்வொரு படியும் ஓர் ஆள்.

மொத்தம் அறுபத்திரண்டு பேர்.
பெயர் வேண்டாம், எண் போதும், உங்கள் பாதுகாப்புக்குத்தான்
என்று குணபாலனிடம் கையெழுத்து வாங்கினார்கள்.
எண்ணைப் பார்த்துவிட்டு இவர்,
பள்ளிக்கூட இடாப்பிலும் எனக்கு இதே எண்தான் என்றார்.
பொய். நான் சிரிப்பேன் என்று தெரிந்து சொன்ன பொய்.
ஏறுவது புதியதா பழையதா என்று
கடைசிவரைக்கும் எங்களுக்குச் சொல்லவில்லை.

படத்தின் அடியில் மாதங்கள். பன்னிரண்டு. பதினெட்டு.
நடுவில் பதினான்கைத் தேடினேன்.
நீலத்தில் ஒரு படி.
சாம்பலிலும் ஒரு படி.
இரண்டில் எது என்னுடையது?
மற்றதைத் தேடுகிறவள்
இந்நேரம் எந்த ஊரில் எதை மாட்டிக்கொண்டு நிற்கிறாளோ.

சுட்டுகோலின் சிவப்புப் புள்ளி அங்கே நிற்கவில்லை.
முப்பதாம் மாதத்துக்கு,
கோடுகள் நன்றாக விலகும் இடத்துக்குப் போய்விட்டது.
நோயாளிகளுக்கு நன்றி என்றார்.
குரல் கொஞ்சம் இடறியது. அதையும் கேட்டேன்.
நாற்காலிகள் பின்னே நகர, எல்லோரும் எழுந்தார்கள்.
நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன்.

பதினொன்றரைக்குக் கோட்டுகள் கலைந்தன.
கடைசி ஆள் அவர். பையெல்லாம் துழாவினார்.
வில்லையைத் தொலைத்துவிட்டேன், மன்னியுங்கள்,
எண்ணும் நினைவில்லை என்றார்.
பரவாயில்லை, எனக்கு நினைவிருக்கிறது என்றேன்.
மழைச்சட்டை காய்ந்திருந்தது.
ஒரு கை மட்டும் உள்ளே மடிந்து கிடந்தது;
இழுத்து நேராக்கி நீட்டினேன்.
மெர்சி என்றார்.
கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன்.
உண்மையாகவே ஆடியது.

தட்டில் சேர்ந்தது முப்பத்தேழு பிராங்க்.
கண்ணாடிப் பெட்டியைக் கடந்துதான் வெளியே போகவேண்டும்.
சட்டைப்பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு,
சில்லறை சத்தம் போடாமல்,
கடந்தேன்.