நான்காவது குழி

டம்ளருக்கு அடியில் ஐம்பத்தைந்து மில்லிமீட்டர்,
வாயில் எண்பது.
குழியை எழுபதில் வெட்டினால் முக்கால் உடம்பில் நிற்கும்.
எழுபத்தாறில் வெட்டினால்
வண்டி குலுங்கக் குலுங்கக் கீழே நகர்ந்து
பந்தியில் இடம் பிடித்த சம்பந்தி மாதிரி
உட்கார்ந்துகொள்ளும். எழுப்ப முடியாது.

விளக்குத்தூண் பக்கத்து அமானுல்லா பாய்க்கு
மில்லிமீட்டர் வேண்டாம்.
"அடியில கடல்பாசி, நடுவுல பாசந்தி, மேல ஐஸ்கிரீம்.
போய்ச் சேர்ற வரைக்கும் மூணும்
மூணாவே இருக்கணும் தங்கச்சி.
கலக்குறது குடிக்கிறவங்க உரிமை."

முந்நூறு ஜி.எஸ்.எம். பழுப்பு அட்டை.
பசை கிடையாது, மடிப்பே பூட்டு.
திரையில் விரித்துப் போட்டபோது
வயிற்றில் நாலு ஓட்டையுள்ள வௌவால்.
முனிச்சாலையில் ஜனார்த்தனன்
பிளேடை வளைத்துப் பலகையில் அடித்து இறக்கினார்.
"வெட்டுற இடம் கூர்மை, மடிக்கிற இடம் மழுங்கல்.
ரெண்டும் ஒரே இரும்புதாம்மா" என்றார்,
டீ குடிக்கப் போய்விட்டார்.

ஒச்சப்பன் ஓட்டிப் பார்த்தான்.
குருவிக்காரன் சாலைப் பாலம் ஏறி, அண்ணா நகர் வரை,
மதியம் ரெண்டு மணி வெயிலில்.
"நாலும் அசையலக்கா.
மூணு வச்சாத்தான் சாயுது."

மூன்று.
அட்டைக்குப் பிடித்த எண் நாலு.
மேசைக்கும், ஆட்டோவுக்கும்கூட, பின்னால் நெருக்கி உட்கார்ந்தால்.
மூன்றை யார் வாங்குகிறார்கள்?
பாயின் பில் கட்டைப் புரட்டினேன்.
ஒரு வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பார்சல்,
எண்பத்தொன்பது மூன்று.
துணிக்கடைப் பில் கவுண்டரில் மூன்று பெண்கள்.
பெரியாஸ்பத்திரி வார்டில்
படுத்திருப்பவர் போக மூன்று பேர்.
மற்ற வீடுகளில் ஆள் நாலுதான்,
ஒருவருக்குச் சர்க்கரை.

காலிக் குழியில் ஒச்சப்பன்
தண்ணீர்ப் பாக்கெட்டைச் சொருகி ஓட்டினான்.
ஒருநாள் தன் சாப்பாட்டு ஊறுகாய் டப்பா.
அது வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்விட்டது.
திரும்பக் கேட்க வெட்கம், இன்னும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான்காவது குழியை
முழுக்க வெட்டாமல் விட்டேன்.
விரலால் அழுத்தினால் திறக்கும்,
அழுத்தாவிட்டால் வெறும் அட்டை.
கைப்பிடிக்கு ரெண்டு பொருத்து:
நாலுக்கு நட்டநடுவில்;
மூன்றுக்கு, இல்லாதவனுக்கு எதிர்மூலைப் பக்கம்
ஒரு விரற்கடை தள்ளி.
இந்த ஒரு விரற்கடைக்குப் பதினொரு நாள்.

இது வாழப்போவது இருபத்தைந்து நிமிடம்.
டம்ளர் வேர்க்கும், அட்டை ஊறும்,
நாற்பதாவது நிமிடம் இடுப்பு விட்டுப்போகும்.
சாகத் தெரிய வேண்டும் என்றுதான் வரைந்தேன்.
பாய்க்கு மனசு கேட்கவில்லை.
"கைப்பிடிக்காவது பளபளன்னு பிலிம் ஒட்டும்மா,
கடை பேரு தெரியணும்ல."
ஒட்டினேன்.

காலை ஐந்தரை, கீழவாசல் குப்பைத் தொட்டி.
ஒரு பசு என் அட்டையைத் தின்றுகொண்டிருந்தது.
பால் ஊறிய பக்கத்தை முதலில்,
பிறகு மூன்று குழி,
திறக்காத நான்காவதை ஒரே வாயில்.
கைப்பிடி வந்ததும் நின்றது.
நாக்கால் புரட்டியது. மென்றது.
என்னைப் பார்த்தது.
துப்பிவிட்டு
அடுத்த தொட்டிக்கு நடந்தது.

கருத்துக் கேட்டுப் படிவம் கொடுத்திருக்கிறேன்,
"நன்று" என்று டிக் அடித்துத் தருவார்கள்.
இத்தனை தெளிவாக யாரும் சொன்னதில்லை.
ஈரக் கைப்பிடியை எடுத்து
மேலே ஒரு கர்ச்சீப் சுற்றிப் பையில் போட்டேன்.

பாயிடம் சொன்னேன், பிலிம் வேண்டாம்.
"மழை பெஞ்சா?"
"கொஞ்சம் சீக்கிரம் ஓட்டச் சொல்லுவோம் பாய்."
பதில் இல்லை. போனில் மிக்ஸி ஓடும் சத்தம்.

புது வரைபடத்தை ஜனார்த்தனனுக்கு அனுப்பிவிட்டு
விளக்கை அணைக்கப் போகையில் ஒச்சப்பன்:
"அக்கா, ஒரு பார்ட்டி
அஞ்சு கேக்குறாங்க."