கொப்பு

முக்கூடலில் என் பஞ்சர் கடைக்குப்
பன்னிரண்டடி கிழக்கே அந்தப் பள்ளம்.
குடிநீர்க் குழாய்க்கென்று தோண்டினார்கள்.
குழாய் வந்தது, மண் திரும்பவில்லை.
"நாளைக்கு மூடிருவோம் அண்ணாச்சி" என்றவன்
என்னிடம்தான் காற்றடித்துக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் பூவரசங் கொப்பொன்றை ஒடித்து நட்டேன்.
நுனியில் சிவப்பு டியூப் துண்டு கட்டினேன்.
பூவரசு அல்லவா,
ஒடித்து வைத்த இடத்திலேயே துளிர்க்கப் பார்த்தது.
ஊர் அதைச் சுற்றி நடக்கப் படித்துக்கொண்டது,
பள்ளிப் பிள்ளைகள், பால்வண்டி, கடைசியில் நாய்கூட.
பதினோரு நாளில் ஒருவரும்
பேரூராட்சிப் படியேறவில்லை.
அதுதான் கொப்பு இருக்கிறதே.

பன்னிரண்டாம் நாள் எதிர்வீட்டில் மறுவீடு.
வேன் திரும்ப இடமில்லை, ஹாரன் மேல் ஹாரன்.
நான்தான் பிடுங்கினேன்.
சுவரில் சாத்திவிட்டுக் கையைத் துடைத்தேன்.
எனக்கும் இலை போட்டார்கள்.
சொதி நன்றாக இருந்தது, இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினேன்.

ராத்திரி எட்டரை, கரண்ட் இல்லை.
பிரமாச்சி பீடிக்கடையில் கணக்குக் கொடுத்துவிட்டு
மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கி
குழந்தையைப்போல் அணைத்து வந்திருக்கிறாள்.
விழும்போதும் தூளைச் சிந்தவிடவில்லை.
வலது கையை ஊன்றியிருக்கிறாள்.

மணிக்கட்டு கூடிவிட்டது, பெருவிரல் மடங்கவில்லை.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி டாக்டர்கள் கூடி
பன்னிரண்டு சதவீத ஊனம் என்று எழுதினார்கள்.

அம்பாசமுத்திரம் கோர்ட்டில்
வக்கீல் ஆறுமுகநயினார் பையிலிருந்து
வெட்டிய பீடி இலை ஒன்றை எடுத்தார்.
"சுருட்டிக் காட்டும்மா."
ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றிய கை.
இலை சுருண்டது, விரிந்தது.
சுருண்டது,
விரிந்தது.
மேலே காற்றாடி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
நூற்றில் பன்னிரண்டு போனால் மிச்சம் எண்பத்தெட்டு.
அதை அவள் எங்கே வைத்திருக்கிறாள் என்று
யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் பள்ளமில்லை என்றது பேரூராட்சி.
வாரியம் காண்டிராக்டரைக் கைகாட்டியது.
காண்டிராக்டர் சப்-காண்டிராக்டரை.
அவன் திருப்பூர்ப் பக்கம் எங்கோ.
தோண்டும்போது பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து,
படம் பிடித்து நின்ற அத்தனை அப்பன்மாரும் போய்
அநாதையாகக் கிடந்தது பள்ளம்.

நான் வாதி தரப்புச் சாட்சி இரண்டு. பெயர் தளவாய்.
"எச்சரிக்கை அடையாளம் ஏதும் இருந்ததா?"
"அன்னைக்கு ராத்திரி இல்லைங்க."
உண்மை.
"அதற்கு முன்?"
"ஒரு கொப்பு நட்டிருந்தேன்."
இதுவும் உண்மை.
சாட்சி தன் சொந்த முயற்சியில் கொப்பு நட்டதாகச் சொல்கிறார்
என்று டைப்படித்தார்கள்.
அடுத்த கேள்வி எனக்குத் தெரியும்.
அதற்குப் பதில் தொண்டைவரை வந்து நின்றது.
எதிர்த்தரப்பு வக்கீல் மணி பார்த்தார்.
"குறுக்கு விசாரணை இல்லை."
கூண்டைவிட்டு இறங்கினேன்.
வெளியே வந்து காப்பி குடித்தேன், சூடு தெரியவில்லை.

இரண்டு வருஷம் கழித்துத் தீர்ப்பு.
டார்ச் இல்லாமல் இருட்டில் நடந்ததால்
வாதியிடமும் இருபது சதவீதக் கவனக்குறைவு.
அதைக் கழித்தார்கள்.
கழித்தது போக மிச்சம் அப்பீலில் இருக்கிறது.

அந்த இருபது என்னுடையது.
எந்தக் கவுண்டரில் போய்
பேர் மாற்றக் கேட்பது?

நேற்று சாயங்காலம் மகனுடைய சைக்கிளை
இடது கையால் உருட்டிக்கொண்டு வந்தாள்.
காற்றடிக்கக் காசு நீட்டினாள்.
வேண்டாம் என்றேன்.
"ஊர்ல இத்தனை பேர் இருந்தும்
நீங்க ஒருத்தராவது கொப்பு நட்டீயளே அண்ணாச்சி."

குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தேன்.
"காத்து போதுமா?" என்று கேட்டேன்.