பத்து சென்டிமீட்டர்

அறுவைக்கு முந்தைய மாலை
ஒரு பக்கப் படிவம். மயக்க மருத்துவர் என்பதால்
நிரப்பியது நான்தான்.
பெண். வயது நாற்பத்து மூன்று.
வயது குறைந்தால் வலி கூடும் என்பது கணக்கு,
அங்கே ஒரு புள்ளி.
கட்டி கணையத்தின் ஓரத்தை உரசிக்கொண்டிருந்தது.
துளை போட்டு எடுக்க வழியில்லை,
மார்பெலும்பின் அடியிலிருந்து தொப்புள்வரை கீறல்.
இன்னொரு புள்ளி.
பழைய முதுகுவலி உண்டா?
"இருபது வருஷம் ஓட்டுநர் இருக்கை.
நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்."

பயமா என்று கேட்டபோது
அண்ணன் கட்டிலருகே நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.
இல்லை, என்றாள் சுகவாரா சிஹாயா.
சுழியம் போட்டேன்.
சுளையைக்கூட வாங்கித் தின்றேன்.

நாலே முக்கால் மணி நேரம். இரைப்பை முழுதும் போயிற்று.

இரண்டாம் இரவு, ஒன்றரை மணிக்குத் தொலைபேசி.
யொகோத்தேவில் சாயங்காலத்திலிருந்தே பனி.
போர்வைக்குள் முட்டி இறுகிய கை,
அதற்குள் வலிமருந்தின் பொத்தான்.
பதினோரு மணியிலிருந்து
ஒருமுறைகூட அழுத்தவில்லை என்றது கருவி.
பத்துக்கு எத்தனை வலி?
கண் திறக்காமல் சொன்னாள்:
"ஏழு சென்டிமீட்டர்தான்.
பத்து விழுந்தால்தான் வண்டி கிளம்பும்."

நகராட்சியின் பனி அள்ளும் வண்டி அவளுடையது.
நடுநிசியில் அளவுகோலை ஊன்றிப் பார்ப்பார்களாம்.
பத்துக்குக் கீழே என்றால் டீசல் வீண்.
அவளே சிரிக்கப் பார்த்தாள்.
தையல் பிடித்து இழுக்க,
பாதிச் சிரிப்பு தொண்டையில் நின்றது.

மருந்தை நானே ஏற்றினேன்.
இங்கே முதல் துகளுக்கே கிளம்ப வேண்டும் என்றேன்.
கேட்டாளோ என்னவோ.

இருபது நிமிஷம் கழித்து, சுவரைப் பார்த்தபடி:
"அப்பாவும் இதே வயிற்றால்தான் போனார்.
அப்போது எனக்குப் பதினாறு.
அடுத்த அறையில் படுத்திருப்பேன்.
காதில் பஞ்சு வைத்தாலும் கேட்கும்.
அன்றைக்கு நீங்கள் கேட்டபோது
அண்ணன் கொஞ்சம் வெளியே போகமாட்டானா என்றிருந்தது."

பிறகு,
"அதற்கு எத்தனை புள்ளி?"

படிவத்தில் திருத்த இடமில்லை.
சுழியத்தை அடித்து
ஓரத்தில், கோணலாக, 'உண்டு' என்று எழுதினேன்.
இரண்டு நாள் தாமதம்.

மூன்று மணிக்குத் தெருவில் இரும்பு உரசும் ஓசை.
அவள் வண்டியை வேறொருவன் ஓட்டிப் போகிறான்.
கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள்
முகம் சுளித்தாள்.
வலிக்கிறதா?
"இல்லை.
பிளேடை ரொம்பத் தாழ்த்துகிறான்.
தார் பெயர்ந்துவிடும், மடையன்."