சில்லறை

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில்
குரங்குகளுக்கு நடுவே
பிஸ்கட் அட்டைப்பெட்டியில் கிடந்தது.
நான் விசில் கொடுக்கவில்லை,
ஆனாலும் குழந்தைவேலண்ணன் பிரேக் போட்டார்.
ஏற்காட்டிலிருந்து சேலம் வரை
என் சட்டைப் பட்டனைச் சப்பியபடி
டிக்கெட் எடுக்காமல் வந்தது.

பெயருக்கு யோசிக்கவே இல்லை.
நாள் முழுக்க நான் கேட்பதும்
என்னிடம் கேட்பதும் ஒன்றுதான்:
சில்லறை.

கண்ணங்குறிச்சியில் மாடியில் ஒற்றை அறை.
வந்த மூன்றாம் நாளே
கணுக்கால், லுங்கி நுனி, பையின் தோல்வார்,
எல்லாவற்றிலும் அதன் கையெழுத்து.
சீரகச் சம்பா அளவுதான் பல்,
முனை மட்டும் ஊசி.
மிகவும் பிடித்தது என் வலது கட்டைவிரல்.
மெஷின் அழுத்தி, நோட்டு எண்ணி,
ஊரார் வியர்வையெல்லாம் ஊறிய விரல்.

மூக்கில் ஒரு தட்டு தட்டுடா என்றார் அண்ணன்.
தட்டினேன்.
கட்டிலுக்கடியில் போய் ஒண்ணுக்குப் போனது.
அன்று இரவு கையை நீட்டினால்
காதை மடக்கியது.
மறுநாள் முன்னைவிட அழுத்திக் கடித்தது.

ஜான்சன்பேட்டை டிப்போவில்
பஞ்சராகி நின்ற வண்டிக்கடியில்
நாலு குட்டிகள் புரண்டுகொண்டிருந்தன.
ஒன்று இன்னொன்றின் காதை இறுக்க,
கைங் என்று ஒரே ஒரு சத்தம்.
கடிபட்டது திருப்பிக் கடிக்கவில்லை.
எழுந்து போய்
டயர் நிழலில் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.
கடித்தது தனியாக நின்றது,
ஸ்டாப்பிங்கைத் தவறவிட்ட ஆள்போல.
கொஞ்சம் பொறுத்துப் பக்கத்தில் போய்
அதே காதை
உதட்டால் மட்டும் பிடித்தது.
டீ ஆறிப்போயிருந்தது எனக்கு.

சில்லறைக்கு இதைச் சொல்ல
கூடப்பிறந்தது எதுவும் பெட்டியில் இல்லை.

அடுத்த கடிக்கு 'ஆ' என்றேன்.
பஸ்ஸில் போடும் சத்தம் இல்லை இது.
கையை வெடுக்கென்று இழுக்கக்கூடாது,
இழுத்தால் அதற்கு அதுவும் விளையாட்டு.
செத்த கைபோலப் போட்டுவிட்டு
மெல்ல எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி
மனதுக்குள் மலையேறினேன்:
ஒன்றாம் வளைவு, இரண்டாம் வளைவு...
இருபதும் முடித்துத் திரும்பியபோது
தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.
ஈரத் துண்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.
இது உனக்கு, இது எனக்கு என்று
துண்டையும் விரலையும் காட்டினேன்.
உடனே விரலைக் கடித்தது.
மறுபடி ஒன்றாம் வளைவு.

ஒருநாள் விட்டு ஒருநாள் ட்யூட்டி.
அந்த நாட்களில் கீழ்வீட்டு ரஷீதாவின்
தையல் மெஷினுக்கடியில் இருக்கும்.
அவர் என்னைவிடக் கறார்.
பெடலை நிறுத்தி, எழுந்தே போய்விடுவார்.
பையன் இர்ஃபான்தான்
சாக்ஸை ஆட்டி ஆட்டிக் கடிக்கவிட்டுச் சிரித்தான்.
நாலு நாள் பாடம்
அரை மணியில் அடிவாரத்துக்கு உருண்டது.

ஒரு ஞாயிறு. தூங்கி எழுந்த வெறியில்
கட்டைவிரல் நகக்கண்ணில் இறக்கிவிட்டது.
'ஆ' வரவில்லை.
"வலிக்குதுடா" என்றேன்.
சொன்ன பிறகுதான் கேட்டது எனக்கு.
அயோத்தியாப்பட்டணம் வீட்டுப் பத்திரத்தில்
தம்பி கையெழுத்து வாங்கிய அன்று
பேனா கொண்டுவந்திருக்கிறாயா என்றுதான் கேட்டேன்.
மதியச் சாப்பாடும் அங்கேயே சாப்பிட்டேன்.
இந்தச் சொல்லை முதலில் கேட்டது
இரண்டரை மாதக் குட்டி.

எழுந்து போகத் தோன்றவில்லை.
அதுவும் போகவில்லை.
வாயைத் திறந்து விரலை விட்டு,
விட்ட இடத்தை நக்கியது.

அதன்பிறகும் கடித்ததுதான். பொய் சொல்வானேன்?
இருபதாவது வளைவு பத்தாகி, ஆறாகி,
பிறகு நான் மலையேறவேண்டிய தேவை குறைந்தது.
தோல்வாரை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

ஐப்பசியில் பாய்மேல் ஒரு பால்பல் கிடந்தது.
எங்கே வைப்பதென்று தெரியாமல்
பையின் காசு அறையில் போட்டேன்.

நேற்று மாலை, மூடுபனியில் பதினெட்டாம் வளைவு.
மஞ்சக்குட்டை போகும் ஆள்
மீதி நாலு ரூபாய்க்கு நச்சரித்தார்.
கத்த வாய் திறந்து
பைக்குள் கைவிட்டுத் துழாவினேன்.
ஏதோ ஒன்று
கட்டைவிரலில் லேசாகக் குத்தியது.

அதை ஒதுக்கிவிட்டு
நாலு ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.